பொக்கைக்கு ஒரு பல்

பல்செட்டுக்காரர் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா, சண்டைக்கு வந்திருக்கிறாரா என்பதெல்லாம் அப்புறம். மேல்வரிசையில் ஒரு பல் திரும்பியிருக்கிறதா, ஈறு ஏறியிருக்கிறதா என்பதுதான் அவருக்கு முதல் சேதி. பல் டாக்டர்கள் அனுப்பிவைக்கும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்துகொடுக்கிற லேப் ஒன்று வைத்திருக்கிறார். சும்மா சொல்லக் கூடாது, ஆள் கெட்டிக்காரர். அவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு எலும்பு கடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஊரார் பல்லையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கூடத்துக் கண்ணாடி அலமாரி நிறைய ஆந்தை. அதுவும் பல்லுள்ள ஆந்தை.

ஆந்தைக்கு ஏது பல் என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். பொம்மை செய்கிற கம்பெனிக்காரன் காதில் மட்டும் அது விழவில்லை. கட்டைவிரல் உயரம், மேலே ஒரு மழைக்கோட்டு, உருட்டு விழி, காதுவரை இளிக்கிற வாய், அந்த வாய் நிறையப் பல். மூடிய அட்டைப் பெட்டியில் வரும். உள்ளே இருப்பது எந்த ஆந்தை என்று பிரித்தால்தான் தெரியும். அதில்தான் ருசியே என்பாள் அவர் மனைவி. அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அடுத்தவர் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று திறக்காமலே பார்த்துச் சொல்கிறவள், இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஏமாறுவதற்கென்றே மாதம் பிறந்ததும் கடைக்குப் போவாள்.

ஏமாறவும் செய்வாள். கொட்டாவி விடுகிற ஆந்தை என்று ஒன்று உண்டு, ஊரில் யாரும் சீந்தாதது. எந்தப் பெட்டியை எடுத்தாலும் அவளுக்கு அதுதான் வரும். அவளைப் போலவே ஆந்தை சேர்க்கிறவர்களின் குரூப்பில் அவளுக்குப் பெயரே கொட்டாவி அக்கா.

"பொம்மை வாங்குற வயசா இது?" என்று பல்செட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆனால் அவர் சிரிக்கும்போது யாரும் அவருடைய கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிடக் கூடாது. அங்கே பெட்டி பெட்டியாக ஷூ. ஓடுவதற்கு ஒன்று, குதிப்பதற்கு ஒன்று, மலையேறுவதற்கு ஒன்று. லிஃப்ட் பழுதானால் கீழே நின்று மூச்சு வாங்குகிற மனிதர், எந்த மலையில் ஏறப் போகிறாரோ தெரியாது. பாதி ஷூ தரையையே பார்த்ததில்லை. பெட்டியைத் திறப்பார், மெல்லிசுக் காகிதத்தை விலக்குவார், புதுவாசனையை ஒரு இழுப்பு இழுப்பார், மூடிவைத்துவிடுவார்.

வீடு கொள்ளவில்லை என்று ஆனபோது இரண்டு பேருக்கும் பெரிய சண்டை வந்து, ஒரு சட்டத்தில் முடிந்தது. புதிதாக ஒன்று உள்ளே வந்தால், பழையது ஒன்று வெளியே போக வேண்டும். அவள் ஒரு தடவைகூட மீறியதில்லை. எக்ஸ்ரே எடுக்க வந்து அழுகிற குழந்தைகள் கையில் எல்லாம் ஒரு கொட்டாவி ஆந்தை போய்ச் சேர்ந்தது. அவரும் ஒழுங்காகத்தான் இருந்தார், அந்த அழுக்கு ஷூ வரும்வரை.

அழுக்கு ஷூ என்றால் பழைய ஷூ என்று நினைத்துவிடாதீர்கள். புத்தம் புதுசு. பிறக்கும்போதே அழுக்கு. முனை தேய்ந்து, பக்கவாட்டில் சேறு தெறித்து, அடிப்பாகம் மஞ்சள் பாரித்து, யாரோ ஒருவர் பல வருஷம் மைதானத்தில் உழன்று கழற்றிப் போட்ட மாதிரி ஃபேக்டரியிலேயே செய்து அனுப்புகிறார்கள். கொஞ்சம்தான் செய்வார்கள், அதற்கு அடிதடி. போனில் வரிசையில் நிற்க வேண்டும். பல்செட்டுக்காரர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில்தான் அவள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"என்னங்க, பொக்கை கெடச்சிருச்சு."

"ம்."

"எத்தனை வருஷமா தேடிக்கிட்டு இருந்தேன். எங்க குரூப்ல ஒருத்தர்கிட்டயும் கெடையாது."

"நல்லது, நல்லது."

"காதுல விழுதா இல்லையா?"

"விழுது, விழுது. நல்ல விஷயம்தானே."

அவள் கொஞ்ச நேரம் பெட்டியும் கையுமாக நின்றாள். பிறகு போய்விட்டாள். அவருடைய முறை வந்தது, ஷூ கிடைத்தது, அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே அனுப்ப ஒரு பழைய ஷூவைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார். பெற்ற பிள்ளைகளில் எந்தப் பிள்ளையைத் தத்துக் கொடுப்பது? மனசு வரவில்லை. புது ஷூவை வீட்டுக்கே கொண்டுவராமல் லேப் அலமாரியில், ஊரார் தாடைகளின் பிளாஸ்டர் அச்சுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

மனைவிக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்தவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு வீட்டில் ஒரு தனி மரியாதை வந்துவிடும். கேட்காமலே காபி போட்டுக் கொடுத்தார். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாமல் கொடியில் போட்டார். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்றைக்கு அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும், அவர் தாமாகவே துணியை எடுத்து ஆந்தை அலமாரியின் கண்ணாடியைத் துடைத்தார். அப்போதுதான் மேல்தட்டின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்த புது ஆந்தை கண்ணில் பட்டது.

அதற்கு முன்பல் ஒன்று இல்லை.

அவருக்குச் சுருக்கென்றது. பாவி, தேடித் தேடி வாங்கினாளே, கடைசியில் உடைசலைத் தலையில் கட்டிவிட்டானே. எக்ஸ்ரேயில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்திருக்கும். சொன்னால் சிரிப்பார் என்று மென்று முழுங்கியிருப்பாள். அப்படி நினைத்ததும் அவர் மனசு இளகிவிட்டது. லேப் அலமாரிக்குள் ஒளிந்திருந்த ஷூவும் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆந்தையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு லேப்புக்குப் போனார்.

அன்றைக்கு டாக்டர்களின் பல்லெல்லாம் காத்திருந்தது. நிறம் பார்க்கிற பல்வரிசையை ஆந்தையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். நொய்யரிசி அளவுக்குப் பசையைக் குழைத்து வைத்து, ஊசிமுனையால் வடிவம் கொடுத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கினார். புதுப்பல் புதுசாகத் தெரியக் கூடாது என்று நுனியைத் துளி தேய்த்தும் விட்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தால்கூடக் கட்டின பல் என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலில் அவர் செய்த பல்லிலேயே இதுதான் முதல்தரம் என்று அவருக்குத் தோன்றியது. சாயங்காலம் அவள் வருவதற்குள் ஆந்தையை அதே இடத்தில் வைத்துவிட்டார்.

அன்று சாப்பாட்டுக்கு மச்சினன் வந்திருந்தான், அவளுடைய தம்பி. அவன் இன்னும் வாங்காத கருவி ஒன்று உண்டென்றால் அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அர்த்தம். உட்கார்ந்தால் எழுந்திரு என்கிற கடிகாரம், தண்ணீர் குடி என்கிற பாட்டில், எல்லாம் அவனிடம் உண்டு. அவை சொல்கிறபடி அவன் கேட்டதாகத்தான் தகவல் இல்லை. அன்றைக்குச் சாவிக்கொத்தில் ஒரு குட்டி டார்ச்.

"இதுல எல்லா கலர்லயும் லைட் வரும் மாமா. இந்த ஊதா லைட்ட அடிச்சா, பூனை தரையில எங்க ஒண்ணுக்குப் போச்சுனு கூடக் காட்டிக் குடுத்துடும்."

"உன் வீட்ல பூனை இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"இருந்தா தெரியும்ல."

அவள் தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டபடி, "நாளைக்குக் காலையில என்னை உன் கார்ல கூட்டிட்டுப் போடா," என்றாள். "எங்க குரூப் கூட்டம். பொக்கைய எடுத்துட்டுப் போறேன்."

"அப்படி என்ன அவசரம் அக்கா?"

"போட்டோ போட்டேன், ஒருத்தரும் நம்பல. மருந்துக்கடைக்காரர் இருக்காரே, எங்க தலைவர், அவரு எல்லாருக்கும் தெரியற மாதிரி கேக்குறாரு, பல்ல கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டீங்களா கொட்டாவி அக்கானு. எனக்கு வந்ததே கோவம். நேர்ல கொண்டாந்து காட்டுறேன், பொய்யா இருந்தா இனிமே குரூப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

பல்செட்டுக்காரர் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "பல்ல... எதுக்கு அழிக்கணும்?"

"பொக்கைன்னா பல்லு இல்லாமத்தானே இருக்கும்? கம்பெனிலயே ஒரு பல்லு இல்லாம செஞ்சு, எங்கயாவது ஒரு பொட்டியில ஒண்ணு போட்டு விடுவாங்க. அன்னிக்கே சொன்னேனே. நீங்ககூட நல்ல விஷயம்னீங்களே."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அவர் தண்ணீரைக் குடித்தார். அவள் ஆந்தையை எடுத்துவைக்க எழுந்தபோது, "நீ சாப்பிடு, நானே பத்திரமா கட்டித் தரேன்," என்று முந்திக்கொண்டு ஓடினார். குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு, சாமணத்தால் அந்தப் பல்லை அசைத்துப் பார்த்தார். அது அசையுமா? கட்டினது யாராக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஆந்தையின் உதடே கையோடு வந்துவிடும். தம் கைத்திறமையை அவர் முதல்முறையாகச் சபித்தார். பிறகு ஆந்தையைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்து, டேப் போட்டு ஒட்டி அவள் கையில் கொடுத்தார்.

காலையில் காரில் எப்படியும் சொல்லிவிடுவது என்று அவரும் கூடவே ஏறினார். அவள் முன்சீட்டில் இஸ்திரி போட்ட நல்ல உடையில், பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக அவர் பார்த்து நாளாயிற்று.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

"வலது பக்கம் திரும்பவும்," என்றது வழிகாட்டுகிற பெட்டி.

"என்ன சொல்லணும்?"

"அந்த ஆந்தை..."

"நீங்க அதப்பத்தி விசாரிக்கிறதே எனக்கு ஆச்சரியமா இருக்கு," என்று அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் அவர் வாயைத் திறக்கவே இல்லை. கோழைத்தனம்தான், வேறென்ன?

பொம்மைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு நீளமான அறை. மேசை முழுக்க ஆந்தைகள், சுற்றிலும் வளர்ந்து ஆளான பெரிய மனிதர்கள். பேங்க்காரர், டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். மருந்துக்கடைக்காரர் கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க எழுந்து நின்றார். அவள் டேப்பைப் பிரித்து, பஞ்சை விலக்கி, ஆந்தையை மேசை நடுவில் பெருமையாக வைத்தாள். அதைப் பார்க்காமல் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தாள்.

முதலில் கணக்கு டீச்சர்தான் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "அக்கா, பல்லு எல்லாம் வரிசையா சௌக்கியமா இருக்கே," என்றார். அறையே சிரித்தது. கெட்ட மனிதர்கள் இல்லை, கேலிப் பேர்வழிகள். ஆனால் சிரிப்பு சிரிப்புத்தானே?

அவள் ஆந்தையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. யார்மேலும் கோபப்படவில்லை, யாரையும் சந்தேகப்படவில்லை. "நான் பாத்தேன்," என்றாள் மெதுவாக. "பல்லு இல்ல. இல்லாமத்தான் இருந்துச்சு." பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். எத்தனையோ பேருடைய எலும்பைப் படத்தில் பார்த்துச் சொன்ன கண்ணை அவளே நம்பாமல் கசக்கிக்கொண்டாள். அதைத்தான் பல்செட்டுக்காரரால் தாங்க முடியவில்லை.

"அந்தப் பல்லு நான் கட்டினது," என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். "நான் பல்செட் செய்யறவன். உடைஞ்சு போச்சுனு நினைச்சு, அவளுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய் கட்டிட்டேன். அவ சொன்னது சத்தியம்."

மருந்துக்கடைக்காரர் அவர் தோளைத் தட்டினார். "நல்ல மனுஷன் சார் நீங்க. பொண்டாட்டிய விட்டுக் குடுக்காம சமாளிக்கிறீங்க."

வாழ்க்கையிலேயே பெரிய உண்மையைச் சொன்னபோது இப்படி ஒரு பாராட்டு. பல்செட்டுக்காரர் மச்சினன் பக்கம் திரும்பினார். "டார்ச்ச எடு. பூனை லைட்டு."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். "நெசப்பல்லு இந்த ஊதா லைட்டுல மினுங்கும். பொய்ப்பல்லு மினுங்கலன்னா, இதே லைட்டு போட்டு டான்ஸ் ஆடற எடத்துல பாவம், வாய்க்குள்ள ஓட்டை மாதிரி கறுப்பாத் தெரியும். அதனால நாங்க போடற பசையிலயே மினுங்கற சரக்கு கலந்திருக்கும். பொம்மை செய்யறவன் அதெல்லாம் போட மாட்டான். இப்ப பாருங்க."

மச்சினன் வெளிச்சத்தை அடித்தான். இருட்டில் ஆந்தையின் வாய் மங்கலாகக் கிடந்தது. நட்டநடுவில் ஒரே ஒரு பல் மட்டும் பளிச்சென்று நீலவெள்ளையாக மினுங்கியது.

விளக்கைப் போட்டதும் மருந்துக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கங்க அக்கா. நீங்க பொய் சொல்லல. இனிமே கொட்டாவி அக்கானு யாரும் கூப்பிட மாட்டோம்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆனா... இது இனிமே பொக்கை இல்ல."

"தெரியும்," என்று அவள் ஆந்தையைப் பஞ்சில் சுற்றினாள்.

திரும்பும்போது அவள் பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்குப் பல்லு வந்து சொல்லு போகப் பாத்துச்சு."

"தப்புதான்."

"இத்தனை வருஷத்துல என் பொம்மையில ஒண்ணையாவது பக்கத்துல போய்ப் பாத்திருக்கீங்களா? ஒரே ஒரு நாள் பாத்தீங்க. அன்னிக்கும் என்ன குறைன்னுதான் பாத்தீங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, திடீர்னு எம்மேல எங்கேருந்து வந்துச்சு இவ்வளவு கரிசனம்? காபி என்ன, அலமாரிக் கண்ணாடிய தொடைச்சு வெச்சிருக்கிறது என்ன. எத மறைக்கிறீங்க?"

எக்ஸ்ரேக்காரி. பல்செட்டுக்காரர் மச்சினனிடம் காரை லேப்புக்கு விடச் சொன்னார்.

மச்சினன் காரிலேயே இருந்துகொண்டான். எழுந்திரு எழுந்திரு என்று அவன் கடிகாரம் சொன்னதை அவன் சட்டைசெய்யவில்லை. உள்ளே போய், பிளாஸ்டர் தாடைகளை ஒதுக்கி, அவர் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் திறந்தாள். மெல்லிசுக் காகிதத்தை விலக்கினாள். நெற்றி சுருங்கியது.

"யாரோ போட்ட பழைய ஷூவா?"

"புதுசு."

"இவ்வளவு அழுக்கா இருக்கே."

"அது அப்படித்தான் வரும். அதான் அதுக்கு அழகே. அதுக்குத்தான் அவ்வளவு போட்டி."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்தது. அவள் தொட்டிக்குப் போய், பிளாஸ்டர் துடைக்கிற துணியைக் குழாயில் நனைத்து, பிழிந்துகொண்டு வந்தாள். ஒரு ஷூவைக் கையில் எடுத்தாள்.

"தொடைச்சுத் தரட்டுமா? நல்லதுக்குத்தான்."

"ஐயோ, வேண்டாம்மா."

அடிவயிற்றிலிருந்து வந்துவிட்டது அந்தக் குரல். கை தானாக நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவள் அவரையே பார்த்தபடி அசையாமல் நின்றாள். காலையில் அந்த மேசைக்கு முன்னால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மணிக்கட்டை விட்டுவிட்டு, அவள் கையிலிருந்து துணியையும் ஷூவையும் வாங்கிக்கொண்டார்.

"நானே தொடைச்சிடறேன். அதுதான் நியாயம்."

பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தார். முனையில் ஒரு அழுத்து, பக்கவாட்டில் ஒரு அழுத்து. அழுக்கு போகவில்லை. சோப்புப் போட்டார், பிரஷ் போட்டார். சேறு நகரவில்லை, மஞ்சள் வெளுக்கவில்லை. கம்பெனிக்காரன் அழுக்கை அவ்வளவு அக்கறையாகப் போட்டிருந்தான். பல்செட்டுக்காரர் வியர்த்து விறுவிறுத்து நின்றார்.

அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காமல் சிரித்தாள். சிரிக்கும்போது ஓரத்தில் அவளுடைய தெத்துப்பல் வெளியே வரும். ஊராருக்கெல்லாம் நேரான பல் செய்துகொடுத்த மனிதர், கல்யாணமான நாளிலிருந்து அதை மட்டும் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. இப்போதும் நினைக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஆந்தைப் பல்ல பக்குவமா ராவி எடுத்துத் தரேன்," என்றார். "நாள் ஆகும், ஆனா உதடு போகாம எடுத்துடலாம்."

"வேண்டாம், இருக்கட்டும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷூவைப் பெட்டியில் வைத்து மூடினாள். "போன்ல அடுத்த வரிசையில நிக்கத் தோணும்போதெல்லாம் போய் அதோட வாயப் பாருங்க. இப்ப சொல்லுங்க, இது உள்ள வந்தா கட்டிலுக்கு அடியிலேருந்து எது வெளிய போகுது?"